எந்த இடத்தில் சிரிப்பது

1

சென்ற மாதம் ஒரு மாலை, கல்லூரியிலிருந்து வீடு திரும்பி வாசலில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சமையலறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

தவறாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்தேன். இல்லை. நான்தான் உள்ளே ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தேன். அதே இழுவை. ஒவ்வொரு சொல்லின் வாலிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் அதே 'உ'. "சில்க்கு, மேடம். குட்டு சில்க்கு. யூ டச்சு அண்டு ஸீ."

உள்ளே போனேன். ஒன்பது வயதாகும் என் மகன் ரவி, தன் அம்மாவின் பழைய சேலையை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, என் பிரயாணப் பெட்டியைத் தரையில் திறந்து வைத்து, எதிரே இல்லாத ஒரு சீமாட்டிக்குத் துணி விற்றுக்கொண்டிருந்தான். என் மனைவி சரசா அடுப்பருகே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பள்ளியில் நாடகமாம். ஒரு பணக்கார வீட்டில் வெள்ளிக் கரண்டி காணாமல் போகிறது. அன்று காலையில் வீடு வீடாகத் துணி விற்கும் இந்தியன் ஒருவன் வந்து போயிருக்கிறான். இங்கே லண்டனில் அப்படிப்பட்ட பெட்டி வியாபாரிகளை இப்போதும் பார்க்கலாம். அவனைப் பிடித்து வந்து பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். கரண்டி கடைசியில் சமையல்காரியின் பையில் இருக்கிறது. அந்த வியாபாரிதான் ரவி.

"நீ நன்றாகப் பேசுகிறாய், எங்கே கற்றாய் என்று டீச்சர் கேட்டார். என் அப்பாவிடம் என்று சொன்னேன்" என்றான். இதை ஆங்கிலத்தில் சொன்னான். தமிழ் அவனுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும், அதுவும் இந்த ஊர்ப் பிள்ளைகளின் சுத்தமான ஆங்கிலத்தில். தெருவில் அவனை முதுகுப் பக்கத்திலிருந்து கேட்டால் இந்தியப் பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"வகுப்பு முழுக்கச் சிரித்தார்கள், அப்பா" என்றான். அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

நான் கழற்றிய கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். போகும் இடம் ஒன்றும் இல்லை. பூங்காவின் இரும்பு வேலியை ஒட்டி மூடுபனியில் நடந்துவிட்டு வந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போய், என் பிள்ளைக்கு இந்த வேஷம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

2

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நாடகக் கல்லூரியில் விரிவுரையாளன். நடிப்புச் சொல்லித் தருவதில்லை. மேடை விளக்கு, மேடை ஒலி, வானொலி நாடகத்தை எப்படி நடத்துவது, இவைதான் என் பாடம். ஊரில் உள்ளவர்களுக்கு மட்டும் இது புரியாமல் இல்லை. கல்லூரி அலுவலகத்துக்கும் புரியவில்லை. அவர்கள் சம்பளப் பதிவேட்டில் விரிவுரையாளர்களுக்கு ஒரு தலைப்பும் மின்சார வேலைக்காரர்களுக்கு ஒரு தலைப்பும் இருந்தன. என்னை இரண்டாவதில் போட்டுவிட்டார்கள். அதைத் திருத்த ஒரு அதிகாரியிடமிருந்து இன்னொருவரிடம், அவரிடமிருந்து முதலாமவரிடம் என்று ஒரு வருஷம் அலைந்தேன். அந்த ஒரு வருஷமும் தேநீர் அறையில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே குடித்தேன். இப்போது தலைப்பை மாற்றிவிட்டார்கள். நான் இன்னும் நின்றுகொண்டுதான் குடிக்கிறேன்.

வந்த புதிதில் பாஷையும் காலை வாரிவிட்டது. முதல் ஒத்திகையில் மூத்தவர் ஒருவர் கீழிருந்து, "நாலாம் நம்பரைக் கொல்" என்று ஆங்கிலத்தில் கத்தினார். மேடையில் நாலாவதாக நின்றது ஒரு இளம் நடிகை. நான் அவளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், அப்படியே நின்றேன். நாலாவது விளக்கை அணைக்கச் சொல்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ராயபுரத்தில் "எறக்கு" என்போம். இங்கே கொல்கிறார்கள்.

ராயபுரத்தில் நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் ஒரு எலெக்ட்ரிக் கடையில் ஒயரிங் கற்றுக்கொண்டேன். யுத்தம் முடிந்த சமயம், திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாடகம் போடுவார்கள். பந்தல் போட்டு, நாலு பல்பு தொங்கவிட்டு, ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே வெளிச்சத்தில் நடிப்பார்கள். காதலுக்கும் அதே வெளிச்சம், சாவுக்கும் அதே வெளிச்சம். எனக்கு அது பொறுக்கவில்லை. விளக்கை மங்கச் செய்யும் கருவி விலைக்கு வாங்க வழியில்லை. ஊறுகாய் ஜாடியில் எண்ணூர் உப்பளத்து உப்பைக் கரைத்து ஊற்றி, இரண்டு தகடுகளைத் தொங்கவிட்டேன். கயிற்றால் மேல் தகட்டைத் தூக்கினால் விளக்கு மங்கும், இறக்கினால் பிரகாசிக்கும். ரொம்ப நேரம் வைத்திருந்தால் தண்ணீர் கொதித்துவிடும். ஒரு நாள் தேவலோகக் காட்சியில் ஜாடியிலிருந்து ஆவி கிளம்பி மேடைக்குப் பரவ, ஜனங்கள் மேகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். இந்தக் கதையை நான் ஒவ்வொரு வருஷமும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். மறக்காமல், வீட்டில் செய்து பார்க்காதீர்கள், செத்துப் போவீர்கள் என்றும் சொல்கிறேன்.

அந்த மேடையில்தான் என் அண்ணி நடித்தாள்.

3

அண்ணியின் பெயர் அஞ்சலை. நெட்டுக்குப்பத்தில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். என் அண்ணன் ஏகாம்பரம் அவளைக் கட்டிக்கொண்ட கொஞ்ச நாளில் சரக்குக் கப்பலில் கலாசியாகச் சேர்ந்தான். யுத்த காலம். அவன் போன கப்பல் திரும்பவில்லை. மூழ்கியது என்று உறுதியாக யாரும் சொல்லவில்லை. விசாரிக்கப் போன இடங்களில் எல்லாம், தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அதனால் அண்ணி தாலியைக் கழற்றவில்லை. அழுது முடிக்கவும் இல்லை. காலையில் ராயபுரத்தில் மீன் விற்றாள். ஞாயிறு மாலைகளில் நாடகத்தில் சிரிப்பு வேஷம் கட்டினாள். அவள் மேடைக்கு வந்து கூடையை இறக்கி வைத்தாலே பந்தல் குலுங்கும்.

சுதந்திரம் வந்த பிறகு எனக்கு வானொலியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. நாடகங்களுக்குச் சத்தம் உண்டாக்குவது. முறத்தில் பட்டாணியை உருட்டினால் மழை, தகரத்தை ஆட்டினால் இடி. வேலைக்காரி வேஷத்துக்குச் "சென்னைப் பாஷை பேசுகிற அசல் ஆள்" வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். நான் அண்ணியை அழைத்துப் போனேன்.

அவர் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஒத்திகைக்குக் காத்திருந்தபோது ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்தார். அண்ணி கபடம் இல்லாமல் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு கப்பலுக்குப் பூட்டாரு சாமி. இன்னும் வர்ல. இப்பவும் கப்பலு சங்கு ஊதுனா எனுக்கு சோறு வடிக்கணும்னு தோணும். அது சோறு துன்னாம வரும்."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வந்த நாடகத்தில் அது இருந்தது. வேலைக்காரி முனியம்மா தன் எஜமானிடம் சொல்கிறாள்: "எசமான், கப்பலு வந்துச்சின்னா ஒரு வார்த்த சொல்லுங்க. அது சோறு துன்னாம வரும்." உடனே எஜமான், "அடியே, கப்பல் எப்போது சோறு தின்றது?" என்று கேலி செய்ய வேண்டும். வேலைக்காரி பதறிக் கையிலிருக்கும் தட்டுகளைப் போட வேண்டும். தட்டுகளைப் போடுவது நான்.

"புருஷனை 'அது' என்கிறாள் பார், எழுதினால்கூட இப்படி வராது" என்று தயாரிப்பாளர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒத்திகையில் அண்ணி சொன்னபடி செய்தாள். வேகமாக, கீச்சுக் குரலில். நான் தட்டுகளைப் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்து, "அண்ணி, இது வேணாம். நான் போய்ச் சொல்லிட்றேன்" என்றேன்.

"இன்னான்னு சொல்லுவ? அவங்க வூடு, அவங்க மைக்கு. வுடு, பாத்துக்கலாம்" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒலிபரப்பு நாள் வந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி. நடிகர்கள் மைக்கின் முன் நின்று பேசுவது அந்தக் கணமே வீடுகளுக்குப் போய்விடும். சிவப்பு விளக்கு எரிந்தது. நாடகம் ஓடியது. அந்த இடம் வந்தது. அண்ணி மைக்குக்கு ஒரு அடி நெருங்கி நின்றாள். கீச்சுக் குரல் இல்லை. வீட்டில் என் அம்மாவிடம் பேசுவாளே, அந்தக் குரல்.

"எசமான். கப்பலு வந்துச்சின்னா, ஒரு வார்த்த சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அது சோறு துன்னாம வரும்."

எஜமானாக நடித்தவர் வாயைத் திறந்தார். கேலி வரவில்லை. என் கையில் தட்டுகள் இருந்தன. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர், போடு போடு என்று கையைக் காட்டினார். நான் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டேன். வானொலியில் மௌனத்தைப்போலக் குற்றம் வேறு கிடையாது. கேட்கிறவன் பெட்டி கெட்டுவிட்டது என்று எழுந்து வருவான். அந்த மௌனம் அவ்வளவு நீண்டது. பிறகு எஜமான் நடிகர், தாளில் இல்லாத ஒரு வசனத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சொல்றேம்மா."

நாடகம் மேலே ஓடியது.

4

மறுநாள் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மேலதிகாரி நல்ல மனிதர். "கருவிக் கோளாறு என்று எழுதிவிடுகிறேன், நீ தப்பித்துக்கொள்" என்றார். "கருவி ஒன்றும் இல்லை சார், அது தட்டு" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு என்னை மறுபடி கூப்பிடவில்லை. அண்ணியை அன்றிலிருந்தே கூப்பிடவில்லை.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் ஓரிடத்தில் நிற்க முடியாமல் அலைந்தேன். மறுபடி கடையில் ஒயரிங் செய்தேன், சினிமாக் கொட்டகையில் சில மாதம் வேலை பார்த்தேன், எதிலும் கால் தரிக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு பாதிரியார், தன் மாதா கோயில் நாடகத்துக்கு நான் விளக்குப் போட்டதைப் பார்த்தவர், தனக்குத் தெரிந்த லண்டன் கல்லூரியில் பயிற்சிக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பயிற்சிக்கு வந்தேன். உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு பாடம் எடுக்கச் சொன்னார்கள். சரசா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு வசந்த காலத்திலும், அடுத்த வருஷமும் இருப்பீர்களா என்று கல்லூரியில் கேட்கிறார்கள். இருப்பேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கப்பல் கட்டண விவரம் பார்க்கிறேன்.

போன வருஷம் நான் மட்டும் ஊருக்கு வந்து போனேன். அண்ணி இப்போது திருவொற்றியூரில் சொந்தமாக ஒரு நாடகக் குழு நடத்துகிறாள். மீன் விற்கிற பெண்கள், ஆலைக்குப் போகிற ஆண்கள். சாயங்காலம் ஒரு வலைக்கொட்டகையில் ஒத்திகை. நான் போனபோது, கருவாட்டுக்காரியும் போலீஸ்காரனும் பேரம் பேசுகிற காட்சி நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணி ஒத்திகையை நிறுத்தினாள்.

"இன்னாபா, சீமைல குந்திகினு எங்கள நெனச்சிகினு கீறியா?"

"நெனைக்காம கீறேனா அண்ணி" என்றேன். லண்டனில் வருஷக்கணக்கில் வெளியே வராத பாஷை, கேட்டவுடன் வந்துவிட்டது.

தேநீர் குடித்துக்கொண்டு பழைய கதை பேசினோம். நான் அந்த ஒலிபரப்பைப் பற்றி ஆரம்பித்தேன். நம் பாஷையைக் கேலிக்கு வைத்தவர்களுக்கு நீ சரியான பதில் கொடுத்தாய், நம் ஆட்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று உணர்ச்சியோடு பேசிக்கொண்டே போனேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நிறுத்து. நீ இன்னாமோ நான் சிரிப்பே வேணாம்னு சொன்னா மேரி பேசிகினு கீற. நான் இன்னா சாமியாரா? சிரிக்க வெக்கறது எனுக்குப் புடிக்கும்பா. ஜனங்க மூஞ்சி மலரும் பாரு, அதுக்குத்தான் இத்தினி பாடு."

"அப்போ அன்னிக்கி?"

"அன்னிக்கி என் பாஷைக்கி சிரிச்சிருந்தா நானும் கூட சிரிச்சிருப்பேன். அவன் உங்க அண்ணன் வர்லேன்றதுக்கு சிரிக்கச் சொன்னான். அது வேற, இது வேற. நான் நடிக்கும்போது எங்க சிரிக்கணும்னு நான் சொல்லணும். அவன் சொல்லக் கூடாது." பிறகு போலீஸ்காரனாக நடித்த ஆளைப் பார்த்து, "இன்னா வேடிக்க பாத்துகினு கீற, மறுபடி மொதல்லேர்ந்து" என்று எழுந்தாள்.

நான் இத்தனை வருஷம் வேறு ஏதோ ஒன்றை அவள் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்மேல்தான் என் ஊர்விட்டு ஊர் வந்த கதையையே கட்டியிருந்தேன். கொட்டகை மூலையில் போய் நின்றுகொண்டு மிச்ச ஒத்திகையைப் பார்த்தேன். கருவாட்டுக்காரி நன்றாகத்தான் சிரிக்கவைத்தாள்.

5

தீர்மானித்தபடி மறுநாள் ரவியின் பள்ளிக்குப் போனேன். ராத்திரியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். வகுப்பாசிரியை இளம்பெண், நாடகத்தை எழுதியதும் அவள்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே வந்துவிட்டீர்கள்! ரவியிடம் சொல்லி அனுப்பலாம் என்றிருந்தேன். எங்களுக்கு விளக்குப் போட ஆளில்லை. நீங்கள் அதற்குத்தான் பாடம் எடுக்கிறீர்களாமே?"

நான் அடுக்கி வைத்தது அத்தனையும் சரிந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"வேஷம் வேணாம்னு சொல்லப் போறேன்னு போனீங்க. வேலைய வாங்கிகினு வந்துகீறீங்க" என்றாள் சரசா. அவள் பெரம்பூர்க்காரி. பிறகு சொன்னாள்: "அவன் உங்களக் கேலி பண்ணலீங்க. உங்க மேரி பேச அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

நான் அவனோடு தமிழில் பேசுவேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அதோடு சரி. அவனாக என் குரலை எடுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

நாடகம் இரண்டு மாலைகள் நடந்தது. முதல் மாலை நான் அரங்கின் பின்புறம் விளக்குப் பலகையின் முன் நின்றேன். ரவி பெட்டியோடு வந்தான். "குட்டு சில்க்கு, மேடம்." அரங்கு அதிர்ந்தது. அவன் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே துணியை உதற வேண்டும் என்று தெரிந்து செய்தான். நானும் சிரித்துவிட்டேன். அண்ணி இருந்தால் விசிலடித்திருப்பாள். பிறகு கரண்டி காணாமல் போனது. அவனைப் பிடித்து வந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். துணிகளெல்லாம் தரையில் விழுந்தன. அவன் முழங்காலிட்டு அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, "நோ தீஃபு, மேடம். ஐ யாம் ஹானஸ்டு மேன்" என்றான். முன்பைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். அவன் தலை நிமிர்ந்து அரங்கை ஒரு தரம் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

வீடு திரும்பப் பேருந்துக்கு நின்றோம். எல்லோரும் அவன் முதுகில் தட்டிப் பாராட்டியிருந்தார்கள்.

"அப்பா, பெட்டியைக் கொட்டிய இடத்தில் ஏன் சிரித்தார்கள்?" என்றான்.

"உனக்கு அங்கே சிரிப்பு வரவில்லையா?"

"ஒத்திகையில் வந்தது. இன்றைக்கு உண்மையாகவே காலால் துணியை மிதித்துவிட்டார்கள். அம்மாவின் சேலை. நான் திருடவில்லை என்றுதானே சொன்னேன்."

பேருந்தில் அவனுக்குப் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அவள் சுவரில் மாட்டிய ஒரு படம் மட்டும்தான். மீன் விற்கிறவள் நடிக்கவும் செய்வாள் என்பதே அவனுக்கு ஆச்சரியம். தட்டுகளைப் பற்றிச் சொன்னதும், உடைந்தனவா என்றான். இல்லை, போடவே இல்லை என்றேன். அவன் அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. நானும் இதனால் நீ இப்படிச் செய் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நாடகம் எழுதிய ஆசிரியையின் முகத்தை மறுநாள் நான் எப்படிப் பார்ப்பது?

நாங்கள் இறங்கும் இடம் வந்தபோது அவன், "நாளைக்கு அந்த வசனத்தை மெதுவாகச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"உன் வசனம். உன் இஷ்டம்" என்றேன்.

மறுநாள் மாலையும் முதல் பாதியில் அரங்கு குலுங்கியது. முந்தின நாளைவிட அதிகமாகவே குலுங்கவைத்தான். பெட்டி கவிழ்ந்தது. ரவி முழங்காலிட்டான். உடனே வசனத்தைச் சொல்லவில்லை. ஒரு துணியை எடுத்தான், மடித்தான், பெட்டியில் வைத்தான். இன்னொன்றை எடுத்தான். எனக்குப் பக்கத்தில் ஆசிரியை, வசனம் மறந்துவிட்டதோ என்று தாளைப் புரட்டினாள்.

"நோ தீஃபு, மேடம்" என்றான், சீமாட்டியாக நடித்தவளைப் பார்க்காமல், கையிலிருந்த துணியைப் பார்த்து. "ஐ யாம் ஹானஸ்டு மேன்."

பாதி அரங்கு சிரித்தது. மற்றப் பாதி சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் தன் மனைவி சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ரவி அவசரப்படவில்லை. கடைசித் துணியையும் மடித்து வைத்து, பெட்டியை மூடி, எழுந்து நின்றான்.